கேட்காமல் இருந்த பத்து நிமிடம்

பெனிட்டா கைப்பேசியில் பத்து நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டுச் சுவரோரமாக ஸ்டூலில் போய் உட்கார்ந்ததும் தனபாக்கியத்தின் வாய்க்கு முதலில் வந்தது ஒரு கேள்விதான். என்ன பண்றே கண்ணு. வந்ததை அப்படியே விழுங்கினாள். கேட்கக் கூடாது. கேள்வி கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. பிள்ளை விளையாடுவதைக் கூட இருந்து பார்க்கலாம், பார்த்ததைச் சொல்லலாம், நல்லதைக் கண்டால் நல்லது என்று சொல்லலாம். ஒரே பிள்ளையோடு பத்து நிமிடம். போன வாரம் யூனியன் ஆபீஸ் ஹாலில் மூன்று நாள் உட்கார்ந்து படித்தது இதைத்தான். சொல்லிக்கொடுத்த பெனிட்டாவே இன்று போடியில் இருக்கும் இந்த அங்கன்வாடிக்குப் பார்க்க வந்திருக்கிறாள், இருபத்தேழு வயதிருக்கும், மடியில் அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், கேள்விக்கு ஒரு கோடு, ஏவலுக்கு ஒரு கோடு. கோடு விழுந்தால் விழட்டும். தனபாக்கியத்துக்குக் கவலை அதுவல்ல. எதிரே சிமென்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் சஷ்டிகாவுக்கு நாலு வயது. நாலு மாதமாக இந்த அறைக்குள் அவள் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் பேசுகிறாள். தெருவில் பேசுகிறாள். சாயங்காலம் வாசற்படியைத் தாண்டி அம்மாவின் கையைப் பிடித்ததும் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது, மூலை திரும்பும்வரை கேட்கிறது. இங்கே மட்டும் இல்லை. ஏன் என்று தனபாக்கியத்துக்குத் தெரியும், சமைக்கிற வீருசின்னம்மாவுக்குத் தெரியும். பெனிட்டாவுக்குத் தெரியாது. பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா வருவாள், வரச் சொல்லி ஆள் விட்டதே தனபாக்கியம்தான். வந்தால் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் போகிறேன் என்று காலையிலிருந்து எத்தனை தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள் என்பதற்கு யாரும் கோடு போடவில்லை.

சஷ்டிகா பாட்டில் மூடிகளை டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வைக்கிறாள். "சஷ்டிகா நீல மூடியை எடுத்துட்டா," என்றாள் தனபாக்கியம். பஸ் ஸ்டாண்டு மைக்கில் யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது. பிள்ளை நிமிரவில்லை. "சிவப்பு மூடிக்குப் பக்கத்துல வச்சுட்டா." இது என்ன கலர், சொல்லு. இல்லை. மொத்தம் எத்தனை மூடி இருக்கு. இல்லை. இருபத்தோரு வருடமாகப் பிள்ளைகளிடம் பேசியதெல்லாம் கேள்விதான் என்று ஐம்பது வயது நெருங்கும்போதுதானா தெரிய வேண்டும். சிங்கம் எப்படிக் கத்தும், சாப்பிட்டியா, மூக்கு எங்கே இருக்கு, ஏன் அழுவுறே, யாரு அடிச்சா, இன்னொரு தரம் அடிப்பியா, அடிப்பியா. முதல் நாள் பயிற்சியில் ஜோடி ஜோடியாக உட்கார வைத்து ஒருத்தியை டீச்சராகவும் ஒருத்தியைப் பிள்ளையாகவும் ஆக்கினார்கள். இவளுக்குப் பிள்ளையாக வாய்த்தது சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து வந்த பேச்சியம்மாள், நல்ல கனத்த உடம்பு, தரையில் உட்காரவே கை கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம் முடிந்ததும் பெனிட்டா தாளைப் பார்த்து, "டீச்சர், நாப்பத்தொரு கேள்வி," என்றாள். ஹாலே சிரித்தது. "நான் எதைத் திருடிட்டேன்னு இப்பிடிக் கேக்குறீக? எனக்கே அம்மாகிட்டப் போகணும்னு அழுகை வருது," என்று பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் காட்டினாள். இவளும் சிரித்தாள். அன்று சிரிக்க முடிந்தது. இரண்டாம் நாள் பாராட்டு. ஒவ்வொருத்தியாக எழுந்து தான் எப்படிப் பாராட்டுவோம் என்று சொல்லிக் காட்ட வேண்டும், இவள் கையைத் தூக்கி முதல் ஆளாக எழுந்தாள்: "கவின் எவ்வளவு அழகாக் கையைக் கட்டி உக்காந்திருக்கான் பாருங்க." பெனிட்டா மெதுவாக, "இது கவினைப் பாராட்டுறது இல்ல டீச்சர். கவினைத் தூக்கிப் பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறது," என்றாள். அப்போது சுருக்கென்றிருந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கும், கல்யாணமே ஆகவில்லை என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள், அதற்குத் தலையாட்டிய தலைகளில் தனபாக்கியத்தின் தலையும் ஒன்று. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தோன்றி, பார்க்காமல், மூடிகளைப் பார்த்தாள். "வரிசையா வைக்கிறா. இடைவெளி விட்டு வைக்கிறா. நிதானமா வைக்கிறது நல்லாருக்கு." பிள்ளையின் கை ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த மூடியை எடுத்தது.

மூன்றாம் நாள்தான் அந்தக் கேள்வி வந்தது. சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் செருகும் நேரம், மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. துண்டுத்தாளைக் கொடுத்து, "உங்க சென்டர்லயே ரொம்பச் சமத்துப் பிள்ளை யாரோ அந்தப் பேரை எழுதுங்க," என்றாள் பெனிட்டா. யோசிக்கவே இல்லை. சஷ்டிகா என்று எழுதி அடியில் கோடுகூட இழுத்தாள். ஜூன் மாதம்வரை கடித்துக்கொண்டிருந்த பிள்ளை. கவினின் தோளில் பல் பதிந்து ரத்தம் கட்டி அவன் அப்பா மைக்கேல் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். அந்தப் பிள்ளை இப்போது வைத்த இடத்தில் இருக்கிறது, வாயில் விரல் வை என்றால் சொல்லி முடிப்பதற்குள் வைக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்கு அவளைத்தானே காட்டுகிறாள், சஷ்டிகாவைப் பாரு, சஷ்டிகா மாதிரி இருக்கணும். ரிஜிஸ்டரில் நல்ல முன்னேற்றம் என்று இவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். "எழுதியாச்சா? இப்ப அதுக்குக் கீழே இன்னொண்ணு எழுதுங்க. அந்தப் பிள்ளை கடைசியா உங்ககிட்டப் பேசினது என்னைக்கு? என்ன பேசிச்சு?" பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்று. நேற்று இல்லை. திங்கள்கிழமை வாழைப்பழம் கொடுத்தபோது. கையைத்தான் நீட்டினாள். ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்தபோது. இல்லை. பிப்ரவரியில் சேர்ந்த புதிதில், டீச்சர் ஒங்க வளையல் உடைஞ்சிருச்சு, என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மே மாதம், கவின் எம் மூடியை எடுத்துட்டான், என்று சொன்னது. ஜூனில் ஒரு புதன்கிழமை. அதற்குப் பிறகு தேடத் தேட ஒன்றும் இல்லை. பக்கத்தில் பேச்சியம்மாள் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு இவளைப் பார்க்காமல் இருந்தாள், அவளுக்கும் ஏதோ ஒரு பெயர். அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தும் வழியில் எந்த ஊரும் கண்ணில் படவில்லை. சமத்து என்று நாலு மாதம் தட்டிக்கொடுத்தது எதை.

"பச்சை மூடி உருண்டு போயிருச்சு. சஷ்டிகா எட்டிப் பிடிச்சுட்டா." எத்தனை நிமிடம் ஆகியிருக்கும். மற்றப் பிள்ளைகள் வெளியே வேப்பமரத்தடியில் வீருசின்னம்மாவோடு இருக்கிறார்கள், அவள் குரல் கேட்கிறது, டேய் மண்ணைத் திங்காதடா. அந்தப் புதன்கிழமை வீருசின்னம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கர்ப்பிணிகள் எடை பார்க்க வந்து வாசல் நிறைய நின்றார்கள், நர்ஸ் அவசரப்படுத்தினாள், எடை மெஷினில் முள் சரியாக நிற்கவில்லை, அந்த நேரம் பார்த்துக் கவின் வீறிட்டான். தோளில் மறுபடியும் பல். தனபாக்கியம் சஷ்டிகாவின் கையைப் பிடித்தாள். அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதை அதற்கப்புறம் எத்தனை நாள் தனக்கு நல்லதாகச் சொல்லிக்கொண்டாள். அரிசியும் சத்துமாவு மூட்டையும் வைக்கிற அறையில் விட்டுக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். ஒரு நிமிஷம் இரு, அப்பத்தான் புத்தி வரும். ஒரு நிமிஷம் என்றுதான் சொன்னாள். பிறகு நர்ஸ் கூப்பிட்டாள், ஒருத்திக்கு மயக்கம் வந்தது, சோடா வாங்கி வரச் சொன்னாள், ஊசிக்குப் பெயர் எழுதினாள், ஒருத்தி ஏதோ சொல்ல எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. வீருசின்னம்மா திரும்பி வந்து பருப்பு எடுக்கக் கதவைத் திறந்தாள். திறந்தவள், "டீச்சர்," என்று ஒரு தடவை கூப்பிட்டாள், அவ்வளவுதான். உள்ளே பிள்ளை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. அழவில்லை. அழுது முடித்திருந்தது. கவுனும் காலும் நனைந்திருந்தன. எடை ரிஜிஸ்டரில் கொண்டி போட்டபின் எழுதிய முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் எதிரே நேரம் எழுதியிருந்தது, இடையில் இருபத்தைந்து நிமிடம். வீருசின்னம்மா கழுவிவிட்டு வேறு பிள்ளையின் கவுனைப் போட்டுவிட்டாள், சாயங்காலம் அவளே முந்திக்கொண்டு அம்மாவிடம், தண்ணியைக் கொட்டிக்கிட்டா, என்றாள். தனபாக்கியம் பக்கத்தில் நின்று, ஆமாம், என்றாள். ஆமாம் ஒரு சின்னச் சொல்தான். அதற்கப்புறம் கடி நின்றது. நின்றதும் ஒரு நிம்மதி. பார்த்தியா, கேட்டுக்கிட்டா. அந்த நிம்மதியை நினைக்கும்போது இப்போதும் முதுகில் வேர்க்கிறது. நேற்றுச் சொல்லப் போகிறேன் என்றதும் வீருசின்னம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டியபடி, "ஆறிப் போனதை எதுக்கு டீச்சர் கிளறுறீக? அதுவே மறந்திருக்கும்," என்றாள். மறந்த பிள்ளை பேசாதா அக்கா. வீருசின்னம்மா மறுபடி தண்ணீர் ஊற்றி அரிசியைக் களைந்தாள்.

மூடிகளின் வரிசை தனபாக்கியத்தின் முழங்கால்வரை வந்துவிட்டது. பிள்ளையின் தலை இவ்வளவு பக்கத்தில், எண்ணெய் வாசனை, வகிட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு தழும்பு, இது எப்போது பட்டது, எங்கே விழுந்தே, கேட்கக் கூடாது. இத்தனை நாளும் பிள்ளையை இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை, கேள்வி இருந்தால் பதில் வரும்வரைதான் பிள்ளையைப் பார்ப்போம், வந்ததும் அடுத்த பிள்ளை. எல்லாக் கேள்வியும் ஒதுங்கிப்போக ஒன்று மட்டும் போகாமல் நெஞ்சுக்குழியில் நின்றது. டீச்சர் மேல கோவமா. இதைக் கேட்டால் என்ன. ஒரே ஒரு கோடுதானே. கேட்டால் பிள்ளை தலையை இல்லை என்று ஆட்டும். ஆட்டும், நிச்சயமாக ஆட்டும், நாலு மாதமாக எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிற பிள்ளை, டீச்சருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துவிடும். கொடுத்ததை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு இன்று நன்றாகச் சாப்பிடலாம். வேண்டாம். அது இவளுக்காகக் கேட்கிற கேள்வி. நாலு வயதுப் பிள்ளையிடம் போய் மன்னிப்பைக் கறக்கக் கூடாது. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்துக்கொண்டாள். கேட்க மாட்டேன். இன்றும் கேட்க மாட்டேன், நாளைக்கும் கேட்க மாட்டேன், பத்து நிமிடம் பத்து நிமிடமாக எத்தனை நாள் ஆனாலும் இந்தத் தரையில் உட்காருவேன். கால் மரத்துப்போயிருந்தது. இம்மி நகர்ந்து காலை மாற்றினாள், அசைந்ததில் முழங்கால் இடித்து வரிசையின் கடைசி மூடி உருண்டது. பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். நேராக முகத்தைப் பார்த்தாள். புருவம் சேர்ந்தது.

"போ."

வெளியே பிள்ளைகளின் சத்தத்தில் பாதி அமுங்கிப்போன குரல். ஆனால் சொல்தான். காதில் விழுந்த உடனே இருபத்தோரு வருடம் எழுந்து நின்றது, டீச்சரைப் போன்னு சொல்லலாமா, தப்பு, சாரி சொல்லு. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுவிட்டது. சுவரோரம் பேனா அசையவில்லை. தனபாக்கியம் இரண்டு கையையும் தரையில் ஊன்றிப் பின்னால் நகர்ந்தாள், ஒரு சாண், இன்னொரு சாண். "சஷ்டிகா என்னைத் தள்ளிப் போகச் சொல்லிட்டா," என்றாள். "மூடி உருண்டது அவளுக்குப் பிடிக்கல. நான்தான் இடிச்சேன். நான் தள்ளி உக்காந்துட்டேன்." பிள்ளை இவள் விட்ட இடத்தை அளப்பதுபோலப் பார்த்தாள். போதும் என்று பட்டதோ என்னவோ, மூடியை எடுத்து வந்து முன்னிருந்த இடத்திலேயே வைத்தாள். கைப்பேசி மணி அடித்தது. பெனிட்டா அதை அவசரமாக அமர்த்தினாள், அவள் கண் பளபளத்தது, பேசிட்டா, பேசிட்டா என்று வாயை மட்டும் அசைத்தாள். தனபாக்கியத்தால் தலையைக்கூட அசைக்க முடியவில்லை. சந்தோஷமா என்றால் சந்தோஷம் இல்லை. போ என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு நாலு மாதம். சொன்ன பிறகு கதவு சாத்தப்படவில்லை என்பதை அந்தப் பிள்ளை இன்று முதல் தடவையாகப் பார்க்கிறது.

சஷ்டிகாவின் அம்மா நாகஜோதி வாசலில் நின்று, "என்னா டீச்சர், வரச் சொன்னீகளாம். அரை மணி நேரந்தான் விட்டிருக்காக," என்றாள். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள், அவளுக்கு முன்னால் அந்த வாசனை உள்ளே வந்துவிட்டது. "மறுபடியும் கடிச்சு வச்சுட்டாளா?"

"இல்ல. உள்ள வா."

"அதான பாத்தேன். இப்பல்லாம் வீட்டுலயே, இரு டீச்சரைக் கூப்புடுறேன்னு சொன்னாப் போதும், வாயைப் பொத்திக்கிட்டு மூலைக்குப் போயிருவா. எங்க மாமியாளே மெச்சுது."

தனபாக்கியத்துக்கு இது புதிது. இவள் பெயர் அந்த வீட்டில் ஒரு இருட்டறையாக இருந்திருக்கிறது. வீருசின்னம்மா பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்து, "ஜோதி, சுண்டல் இருக்கு, ரெண்டு திங்கிறியா?" என்றாள், சொல்லாதே என்று கண்ணால் தனபாக்கியத்திடம் கெஞ்சிக்கொண்டே. பெனிட்டா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் போனபிறகு சொல்லலாம். மேடம் கிளம்பட்டும், நாம ரெண்டு பேரும் தனியா. நினைப்பு எவ்வளவு பதமாக வருகிறது. தனபாக்கியம் நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"ஜூன்ல ஒரு நாள் தண்ணியைக் கொட்டிக்கிட்டான்னு வேற கவுன் போட்டு அனுப்புனோம்ல. தண்ணி இல்ல நாகஜோதி. அவளை நான் ஸ்டோர் ரூம்ல போட்டுக் கொண்டியைப் போட்டேன். பயத்துல ஒண்ணுக்குப் போயிட்டா."

நாகஜோதி சிரித்துவிட்டாள். "அட, இதுக்கா வேலையை விட்டுட்டு வரச் சொன்னீக? நான் எத்தனை தடவை கக்கூஸ்ல விட்டு அடைச்சிருக்கேன். அப்பத்தான் அடங்கும். விடுங்க டீச்சர்."

விட்டுவிடலாம். ஒருத்தி மன்னித்துக் கையில் கொடுத்துவிட்டாள், சொல்லியும் ஆயிற்று. வீருசின்னம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. 

"இருபத்தஞ்சு நிமிஷம்," என்றாள் தனபாக்கியம். "போட்டுட்டு மறந்துட்டேன்."

நாகஜோதியின் சிரிப்பு வாயில் இருந்தபடியே நின்றது.

"உள்ள லைட்டு?"

"இல்ல."

"கத்தலயா அது?"

"கத்தியிருப்பா. எனக்குக் கேக்கல. அன்னையிலேருந்து இங்க வாயே தொறக்கல. நான் அதைச் சமத்து சமத்துன்னு சொன்னேன். ஒங்கிட்டயும் அப்பிடியே சொன்னேன்."

"நீ சொன்னதைக் கேட்டுத்தான நானும் ஊரு பூராம் பெருமை பேசுனேன்." டீச்சரும் இல்லை, நீங்களும் இல்லை. "உன்னைய நம்பித்தான விட்டுட்டுப் போறேன். மனு எழுதிப் போட்டா ஒன் வேலை போயிரும், தெரியும்ல?"

"தெரியும். எழுதுறதுன்னா நான் சொன்னதை அப்பிடியே எழுது. எங்க கூப்பிட்டுக் கேட்டாலும் மாத்திச் சொல்ல மாட்டேன். எம் பேரைச் சொல்லி மட்டும் அவளை இனிமே மெரட்டாத."

"எனக்கு நீ சொல்லாத," என்றாள் நாகஜோதி. குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் காலில் சரியாக மாட்டாமலே இறங்கிப் போனாள். வெளியே போனதும் சஷ்டிகாவின் குரல் கிளம்பியது, என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை, நீளமாக ஏதோ, நடுவில் மூடி என்று ஒரு தடவை. பெனிட்டா பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், இதை நான் மேல சொல்லாம இருக்க முடியாது," என்றாள் தரையைப் பார்த்தபடி. "சொல்லுங்கம்மா," என்றாள் தனபாக்கியம், "சொல்லணும்." பயம் இல்லாமல் இல்லை. பயத்தோடு நிற்க முடிந்தது, அவ்வளவுதான்.

குரல் தெருவில் நின்றது. திரும்பி வந்தது. நாகஜோதி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள், பிள்ளை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது.

"மூடி வச்சு வெளாண்டோம்ங்குது. போன்னு சொன்னேன், டீச்சர் போயிட்டாங்குது. நெசமா?"

"நெசந்தான்."

நாகஜோதி கன்னத்தை ஒரு தடவை புறங்கையால் தேய்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் வந்து உக்காருவேன். அரை நாள் கூலி போனாப் போகுது. நீ என்னா செய்யுறன்னு பூராவும் பாப்பேன். அதுக்கப்புறந்தான் இங்க விடுறதா, மனு எழுதுறதா எல்லாம்."

"வா," என்றாள் தனபாக்கியம். "பத்து மணிக்கெல்லாம் வந்துரு."

அவர்கள் போனதும் வீருசின்னம்மா தட்டுகளை வரிசையாகப் பரப்ப ஆரம்பித்தாள், பரப்புகிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது. பிள்ளைகள் கைகழுவ முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு அம்மாவும் பார்த்துக்கொண்டிருப்பாள், வாய் இன்றைவிடக் கூடப் பரபரக்கும், நல்லவள் என்று காட்டிக்கொள்ளத் தோன்றும், அதையும் அடக்க வேண்டும். பிள்ளை மறுபடி போ என்று சொன்னாலும் சொல்லலாம், ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். கடித்தாலும் கடிக்கலாம். கடித்தால் என்ன செய்வது என்பதைப் பெனிட்டாவிடம் இன்றே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தனபாக்கியம் சோற்றுக் கரண்டியை எடுத்தாள்.